அறுவை சிகிச்சைக்கு முன் நோயில்பூசுதல் பெறலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 74 வயது. அடுத்த வாரம் இதய அறுவை சிகிச்சை. நோயில்பூசுதல் (கத்தோலிக்கக் குரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருட்சாதனம்) கொடுக்கப் பங்குத்தந்தையை அழைக்கலாம் என்றேன். பெரியம்மா, "சாமியார் எண்ணெயோடு வந்தால் அவள் பயந்துவிடுவாள், அதெல்லாம் கடைசி நேரத்துக்கு" என்று தடுக்கிறார். அம்மா நன்றாக நடக்கிறார், பேசுகிறார். இப்போதே கேட்பது சரியா?

பதில்:
தாராளமாகக் கேளுங்கள். கடுமையான நோய்க்காக அறுவை சிகிச்சை என்றால் முன்னதாகவே பெறலாம். பெரியம்மாவின் பயத்துக்கும் காரணம் உண்டு. வெகுகாலம் இதைச் சாகும் தறுவாயில்தான் கொடுத்தார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல், கடுமையாக நோயுற்றவர்களுக்கானது என்று சடங்கைப் புதுப்பித்தார். விவிலியத்தில் யாக்கோபு 5:14ஐப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அங்கே நோயுற்றவர் என்றுதான் இருக்கிறது.

இன்னொரு பதில்:
எங்கள் பங்கில் (கோவில் பகுதியில்) நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுசெல்கிறேன். நினைவு தப்பிய பிறகு சாமியாரைத் தேடி ஓடும் வீடுகளைப் பார்த்தால் மனம் கனக்கிறது. அம்மா தெளிவாக இருக்கும்போதே பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்து, நன்மை (நற்கருணை) வாங்கி, தன் வாயால் ஆமென் சொல்லட்டும். குருவானவர் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுவார். வழக்கமாகப் புனித வாரத்தில் ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெய். மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), மெழுகுவர்த்தி போதும். பெரியம்மாவும் பக்கத்தில் நின்று செபிக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்புறம் நோய் முற்றினால் மறுபடி பெறலாமா?

பதில்:
பெறலாம். குணமாகி வேறு நோய் வந்தாலும், இதே நோய் கடுமையானாலும் தடையில்லை.