மறுமொழி: ‘குளோய்ஸ்டர்’ – நடைமுற்றம் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். கிறித்தவத் துறவி மடங்களில் முற்றத்தைச் சுற்றி நடைபாதை ஓடும் பகுதியை ஆங்கிலத்தில் குளோய்ஸ்டர் (cloister) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘நடைமுற்றம்’ வைக்கலாமா என்பதே பேச்சு; வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> தாழ்வாரம் என்று வைத்துவிட்டுப் போகலாமே, புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்வரிசைக்கு உள்ளே ஒரு நடை. நம் பழைய வீடுகளை அறிந்தவர்களுக்குத் தாழ்வாரம்தான் வாயில் வரும். பல ஐரோப்பிய மடங்களுக்கு அது பொருந்தவும் செய்யும். சுவரோடு ஒட்டிச் சார்ப்பு இறக்கி, அதன் கீழே நடந்துபோவார்கள்.

சிக்கல் ஸ்லைகோவில் வருகிறது. இந்த இழையே அயர்லாந்தின் ஸ்லைகோ மடத்தைப் பற்றிய கட்டுரைக்காகத் தொடங்கியது என்பதால் அதையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன். மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பிரபு 1252-53 வாக்கில் தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையினருக்காகக் கட்டிக்கொடுத்தது அது. 1414இல் மெழுகுவத்தி ஒன்றால் தீப்பிடித்தது. பிரையன் மக்டோனா என்ற துறவி 1416 வாக்கில் திரும்ப எடுத்துக் கட்டினார். மடத்துக் கோயிலில் (தேவாலயத்தில்) துறவிகள் செபம் பாடும் பாடகர் பகுதியில் தெற்குச் சுவரை நிறைக்கும் ஒடுங்கிய கூர்முனைச் சன்னல்கள் பழையவை, 13ஆம் நூற்றாண்டு. நாம் பெயர் தேடும் பகுதி 15ஆம் நூற்றாண்டு வேலை. மூன்று பக்கம் இன்றும் நிற்கிறது.

அங்கே நடைக்கு மேலே சார்ப்பு கிடையாது. கல்லால் வளைத்த கூரை, அதன் முதுகில் மேல்தளம். அயர்லாந்தின் இரந்துண்ணும் சபைகளின் மடங்களில் இந்த வழக்கம் நிறையவே உண்டு. நடைக்கென்று தனி இடம் ஒதுக்காமல் அதன் மேலேயே அறைகளை விரித்துவிடுவார்கள். உணவறையும் மாடியில்தான். அங்கே சுவரிலிருந்து பிதுங்கி நிற்கும் சிறிய கல்மாடம் ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் ஒருவர் அதில் நின்று வாசிப்பார், மற்றவர்கள் வாய் பேசாமல் சாப்பிடுவார்கள். கீழே முற்றத்துப் பக்கம் ஒரு குட்டைச் சுவர், அதன் மேல் நெருக்கமாகச் சின்னச் சின்னத் தூண்கள், கூர்வளைவுகள். சில தூண்களில் தனி வேலைப்பாடும் உண்டு. கல்தச்சனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. இதைத் தாழ்வாரம் என்றால், படிப்பவர் மனதில் ஓடு வேய்ந்து இறங்கும் கூரை வந்து உட்கார்ந்துவிடும். இல்லாத கூரையைச் சொல் சொல்லக் கூடாது.

> தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுமாளிகையை ஆங்கில நூல்களில் குளோய்ஸ்டர் என்றே எழுதுகிறார்கள். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

கல்வெட்டுச் சொல், கேட்கவும் அழகு. ஆனால் ஒரு திசையில் போன சொல் அதே வழியில் திரும்பி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. தஞ்சையில் அந்த மாளிகை மதிலை ஒட்டி ஓடி, நடுவிலுள்ள விமானத்தைப் பார்த்து நிற்கிறது. மடத்தில் நடுவே ஒன்றும் இல்லை, வெறும் புல்தரை. கோயில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும்; அங்கிருந்து கூட்ட அறைக்கும் மற்ற அறைகளுக்கும் மழையில் நனையாமல் போய்வர உதவுவது இந்த நடை. நடந்தபடியே செபமும் படிப்பும் நடக்கும். சுற்றாலயங்களோடு சேர்ந்து வாழ்ந்த சொல்லை இங்கே கொண்டுவந்து நட்டால் இரண்டு பக்கமும் குழப்பம்.

என் பரிந்துரை: மொத்த அமைப்புக்கு ‘நடைமுற்றம்’. நாலு பக்கப் பாதைக்குச் ‘சுற்றுநடை’. தேவைப்பட்டால் வடநடை, கீழைநடை என்று பிரிக்கலாம். நடுவே திறந்த இடம் வெறும் ‘முற்றம்’. வீட்டில் வாசலுக்கும் முற்றத்துக்கும் இடைப்பட்ட வழியை நடை என்று சொல்லும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன, ஆகவே சொல் அந்நியமாக ஒலிக்காது. கூரை எப்படி இருந்தாலும் பொருந்தும். ‘நடைமுற்றத் தூண்வரிசை’, ‘நடைமுற்ற வளைவு’ என்று ஒட்டு சேர்த்தாலும் இடறவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்: தனியாகப் பளபளக்கும் சொல், வாக்கியத்துக்குள் போனதும் முடமாகிவிடுவதை நிறையப் பார்த்தாயிற்று.

> உலகத் தொடர்பற்று அடைந்து வாழ்வது என்ற பொருளும் குளோய்ஸ்டருக்கு உண்டே?

உண்டு, லத்தீன் மூலமே அடைப்பைக் குறிப்பதுதான். அந்தப் பொருளுக்குத் தனிச்சொல் தேடுவோம். ஸ்லைகோவில் அந்தப் பொருள் உதவாது. 1216இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற தொமினிக்கன் சபை பிரசங்கத்துக்காகவே உருவானது. 1224இல் டப்ளினுக்கு வந்து, ஊர்களை அண்டியே மடம் அமைத்தார்கள். ஸ்லைகோ கோயிலின் மக்கள் பகுதியில், 1506இல் எழுப்பிய ஓ'கிரியன் என்ற வணிகக் குடும்பத்தின் கல்லறை இன்னும் இருக்கிறது. அடைபட்டு வாழ்ந்தவர்கள் இல்லை அந்தத் துறவிகள். (ஊரார் ‘ஸ்லைகோ அபே’ என்கிறார்கள். அபே என்றால் ஆபட் என்ற தலைவரின் கீழுள்ள மடம்; இங்கே தலைவர் ஆபட் இல்லை, பிரியர். கட்டுரையில் ‘மடம்’ போதும்.)

அப்புறம், தமிழ்ச்சொல் தேடும் பட்டியலில் அடுத்தது கோயிலுக்குள் துறவிகள் பகுதியையும் மக்கள் பகுதியையும் பிரிக்கும் தடுப்பு. ‘சிலுவைத் திரை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். திரை என்றால் துணி. ஸ்லைகோவில் இன்று ஓரளவு திரும்ப நிறுத்தியிருப்பது கல் வளைவுகள். அதே மடத்தில் மரவேலையும் இருந்திருக்கிறது: 1595இல் பிங்ஹாம் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் ஸ்லைகோ கோட்டையை முற்றுகையிட்டபோது, தடுப்பின் மரத்தையும் துறவிகள் அறைகளின் உத்திரங்களையும் பிடுங்கித்தான் கோட்டைச் சுவரை உடைக்கப் போகும் ஆட்களுக்குக் கூரைவண்டி செய்தார். ஆகவே கல்லுக்கும் மரத்துக்கும் பொதுவாகச் ‘சிலுவை மறைப்பு’ என்கிறேன். ‘தட்டி’ வேண்டாம், ஓலை நினைவு வருகிறது.

நடைமுற்றத்துக்கு மறுப்பு இருந்தால் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.