ஒருங்கல் முடுக்கம், ஈற்றுத் திருத்தம்: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

மெதுவாக ஒருங்கும், அதாவது உறுப்புகளைக் கூட்டக் கூட்ட ஓர் எல்லை மதிப்பை மெல்ல நெருங்கும், முடிவிலித் தொடர்களை விரைவுபடுத்தும் முறைகளுக்கு (convergence acceleration) முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட 'குவிவு விரைவாக்கம்' எனக்கு ஏற்புடையதாக இல்லை. கணிதத்தில் 'குவிவு' என்றதும் வளைவரையின் வடிவமே நினைவுக்கு வரும். 'ஒருங்கு தொடர்' என்பதோ வேரூன்றிய வழக்கு. ஆகவே 'ஒருங்கல் முடுக்கம்' என்பதையே பரிந்துரைக்கிறேன். இயற்பியலில் முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம் என்னும் தடை எழலாம். ஆனால் 'வேலையை முடுக்கிவிடு' என்று நாள்தோறும் சொல்கிறோம், இங்கு வேண்டியதும் அந்தப் பொருள்தான்.

2-இன் இயல்மடக்கையை (natural logarithm) தரும் தொடரை எடுத்துக்கொள்வோம். 1 − 1/2 + 1/3 − 1/4 என்று பத்து உறுப்புகளைக் கூட்டினால் 0.6456 கிடைக்கிறது, 2-இன் இயல்மடக்கையோ 0.6931. கணிதவியலர் ஆய்லரின் பெயரால் வழங்கும் உருமாற்றம் இதே தொடரை 1/2 + 1/8 + 1/24 + 1/64 என்று செல்லும் வேறொரு தொடராக்குகிறது. அதன் பத்து உறுப்புகள் 0.69306 வரை கொண்டுசேர்க்கின்றன. இதனை முடுக்கம் என்பது முற்றிலும் பொருந்தும்.

கேரளத்துக் கணிதவியலர் சங்கமகிராம மாதவரின் பெயரால் வழங்கும் முறை வேறு வகையானது. விட்டம் 1 ஆகும்போது சுற்றளவைத் தரும் 4 − 4/3 + 4/5 − … என்னும் தொடரில் பத்து உறுப்புகளின் கூடுதல் 3.0418 மட்டுமே. உறுப்பு எண்ணிக்கையின் தலைகீழான 1/10-ஐ இறுதியில் சேர்த்தால் 3.1418, அவர் மரபின் மிகநுண்ணிய திருத்தமாகிய 404/4050-ஐச் சேர்த்தால் 3.1415927. தொடர் அப்படியே இருக்கிறது. விட்டுப்போன வால்பகுதியின் மதிப்பீடு மட்டுமே சேர்கிறது. அம்மரபில் இதற்கு 'அந்த்ய சம்ஸ்காரம்' என்று பெயர். அதை அப்படியே எடுத்தாண்டால் நம்மவர் ஈமச் சடங்கென்றே கொள்வர் என்பதால், 'ஈற்றுத் திருத்தம்' என்று தமிழாக்கலாம். ஐரோப்பாவில் நுண்கணிதம் பிறக்கும் முன்பே இவ்வளவு துல்லியமாக அமைந்த கருத்துக்குத் தனிச்சொல் தராமல் பொதுச்சொல்லில் கரைத்துவிடுவது முறையன்று.

கணிதவியலர் ஐட்கென் 1926-இல் வெளியிட்ட முறை இரண்டுக்கும் நடுவில் நிற்பதுபோல் தோன்றும், ஏனெனில் அதுவும் பகுதிக் கூடுதலில் (முதல் சில உறுப்புகளின் கூடுதலில்) ஒரு திருத்தத்தையே செய்கிறது. ஆனால் அத்திருத்தம் அடுத்தடுத்த மூன்று கூடுதல்களிலிருந்தே கணிக்கப்படுவதால், எந்தத் தொடர் என்பது தெரியாமலேயே அதனைக் கையாளலாம். மாதவரின் திருத்தமோ அந்த ஒரு தொடருக்கென்றே வடிக்கப்பட்டது. ஆதலால் ஐட்கென் முறையை முடுக்கத்தின்கீழ் வைத்து, இந்த வேறுபாட்டை இரு சொற்களின் விளக்கத்திலும் குறிக்க வேண்டுகிறேன்.