கலபகோஸ் டைவ்: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி எது?

கொட்டலசு

கோர்டன் ராக்ஸ் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பழைய எரிமலை வாயின் விளிம்பு இரண்டு பாறைகளாகத் தலைநீட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு நடுவில் இறங்கினோம். இருபது மீட்டர் வரை ஒன்றுமில்லை. சுவரோரமாகத் திரும்பியதும் என் மூச்சுக் குமிழிகள் மேலே ஏறாமல் கண்ணாடிக்கு முன்னால் சுழன்றன, அப்புறம் முழங்காலைத் தாண்டிக் கீழே போயின. குமிழி கீழே போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றுக் கலக்கம் புரியும். கைடு பாறையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு எங்களையும் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே கொம்பன் சுறாக் கூட்டம், அதாவது சுத்தியல் தலைச் சுறாக்கள். எங்களைக் கீழே இழுக்கிற அதே தண்ணீரில், வாலை லேசாக அசைத்தபடி அவை பாட்டுக்கு நிற்கின்றன. ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் இறங்கி வந்து, அந்த அகலத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. பயம் எப்போது நின்றது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு எது?

நீலவாசி

எனக்கு வடக்கே டார்வின் தீவு. அங்கே கடலில் நின்ற பாறை வளைவு 2021 மே 17 அன்று இடிந்து விழுந்த பிறகு போனேன், இரண்டு தூண்கள்தான் நிற்கின்றன, ஆனால் தண்ணீருக்கடியில் மேடை அப்படியேதான் இருக்கிறது என்றார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு நீலத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் அங்கே வேலை. கைடு டேங்கைத் தட்டினார். முதலில் ஒரு நிழல், அப்புறம் புள்ளிகள், அப்புறம் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் ஓர் உடல். திமிங்கிலச் சுறா, பெண், நிறைமாத வயிறு. கைடு முன்பே சொல்லியிருந்தார், பக்கத்தில் போகாதீர்கள், தொடாதீர்கள் என்று. எங்கள் குழுவில் ஒருவர் கேமராவை நீட்டிக்கொண்டு நேரே முகத்துக்கு முன்னால் போய் நின்றார். அவள் தலையைத் தாழ்த்தினாள். அவ்வளவுதான், இரண்டு வால்வீச்சில் கீழே இருட்டுக்குள் போய்விட்டாள். மற்றவர்கள் எல்லோரும் கையில் பாறையோடு அப்படியே நின்றோம்.

அந்த மனிதர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை விரட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வடக்குநீரோட்டம்

நீலவாசி, கோபம் நியாயம், நானும் அதே கட்சி. ஆனால் 'நிறைமாத வயிறு' என்பதைத் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். வயிறு பெருத்திருப்பதை வைத்துத்தான் பல வருடமாக எல்லோரும் அப்படிச் சொல்லிவந்தோம். டார்வின் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் நீந்திக்கொண்டே அல்ட்ராசவுண்ட் கருவியை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார்கள், கருவோ முட்டை உறையோ தென்படவில்லை, பெருத்த வயிறு கர்ப்பத்துக்கு அடையாளம் ஆகாது என்றே முடிவு எழுதினார்கள். அவை எதற்கு ஜூன் முதல் நவம்பர் வரை அந்த வழியாகப் போகின்றன என்பது இன்னும் தீராத கேள்வி. கர்ப்பமாக இருந்தால்தான் தொந்தரவு செய்யக்கூடாது என்று இல்லையே?

என் கதை டார்வினுக்குப் பக்கத்து வுல்ஃப் தீவில் நடந்தது. கொம்பன் சுறாக்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அதில் ஒன்றின் வாயோரத்தில் தூண்டில் முள். முள்ளிலிருந்து தூண்டில் நரம்பு ஓர் ஆள் நீளத்துக்கு இழுபட்டுக்கொண்டே வந்தது, அதில் பாசி பிடித்திருந்தது. எத்தனை மாதமாக அதோடு நீந்துகிறதோ. டார்வின், வுல்ஃப் இரண்டையும் சுற்றி 2016 முதல் மீன்பிடிக்கவே கூடாது, ஆனால் சுறாவுக்கு எல்லைக்கோடு தெரியாது, கோஸ்டாரிகாவின் கோகோஸ் தீவு வரை போய் வருகிறது. அந்த வழியில்தான் நீளத் தூண்டில் கயிறுகள். 2017 ஆகஸ்டில் கலபகோஸ் கடல் ரிசர்வுக்குள்ளேயே (பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி) பிடிபட்ட கப்பலில் ஆயிரக்கணக்கில் சுறாக்கள் இருந்தன. 2022 ஜனவரியில் கோகோஸ் பக்கமாக எர்மன்தாத் ரிசர்வை 60,000 சதுர கிலோமீட்டருக்கு அறிவித்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பாசி பிடித்த நரம்புதான் கண்முன்னால் வந்தது.

குளிர்தாங்கி

எல்லோரும் சுறாவிலேயே நிற்கிறீர்கள். மேற்கே ஃபெர்னாண்டினா தீவின் காபோ டக்ளஸ் போனவர்கள் யாரும் இல்லையா? கடல் இகுவானா, அந்தப் பெரிய கடல் பல்லி, தண்ணீருக்குள் மேய்வதைப் பார்த்தேன். பெரிய ஆண்கள்தான் அப்படி ஆழத்துக்கு இறங்கும், மற்றவை பெரும்பாலும் அலை விலகும்போது கரைப்பாறையிலேயே மேய்ந்துகொள்ளும். அலை உள்ளே வரும்போது என்னைத் தூக்கி ஒரு பக்கம் எறிந்தது, வெளியே போகும்போது மறுபக்கம். ஒரு கை தூரத்தில் அது நகத்தைப் பாறையில் ஊன்றி, உடம்பு மட்டும் கொடி மாதிரி ஆட, தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பாசியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கடிக்கிற சத்தம் கேட்டது, உண்மையாகவே கேட்டது. எல் நினோ வருடத்தில் தண்ணீர் சூடாகி அந்தப் பாசி அழிந்தால் இவை பட்டினியில் சாகும், பிழைத்தவற்றின் உடல் நீளமே குறைந்துபோகும், எலும்பு உட்பட. எங்களுக்கு 16 டிகிரியில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அந்தக் குளிர்தான் அதற்குச் சோறு. கரையேறிய பிறகு மூக்கால் உப்பைப் பீய்ச்சிவிட்டு வெயிலில் குப்புறப் படுத்துக்கொண்டது.

மிதவைக்காரர்

நான் வுல்ஃபில் மேலே வந்தபோது பங்காவை, எங்களை ஏற்றிப்போகும் சின்னப் படகை, காணவில்லை, அலை உயரத்தில் அவர்களுக்கும் நான் தெரியவில்லை, ஆரஞ்சு மிதவையை ஊதி நிமிர்த்திய பிறகுதான் திரும்பினார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் போகப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

ஆளுக்கொரு மிதவை, குழுவுக்கு ஒன்று போதாது. இருப்பிடம் காட்டும் கருவி கப்பலில் கொடுத்தால் டைவுக்கு முன்பே இயக்கிப் பாருங்கள், பெட்டியிலேயே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்சூட் 7 மில்லிமீட்டர், தலையுறை கட்டாயம். வடக்கே டார்வின் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அதே பயணத்தில் மேற்கே போனால் க்ரோம்வெல் நீரோட்டம் அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலே தள்ளும். பிசிடியில் (காற்றடைத்து மிதக்க உதவும் மேற்சட்டை) காற்றில்லாமல் பங்காவிலிருந்து சாய்ந்து நேரே கீழே இறங்கும் முறையைப் பழகிவிட்டுப் போங்கள், மேலே மிதந்துகொண்டு ஓகே சொல்லும் நேரத்தில் நீரோட்டம் உங்களைப் பாறையைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய சுவாசக் காற்று) சான்றிதழ் எடுத்துவிடுங்கள், ஒரே நாளில் அடுத்தடுத்து டைவ் இருக்கும். கொட்டலசு சொன்ன மாதிரி குமிழி கீழே போனால் பாறையைப் பிடியுங்கள், பிடிக்கப் பாறை இல்லையென்றால் சுவரை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்துங்கள், பதறிப்போய் பிசிடியை முழுக்க ஊதிவிட்டால் ஓட்டம் விட்ட நொடியில் மேலே பறந்துவிடுவீர்கள், அது இன்னும் ஆபத்து. டார்வினில் ஏதாவது ஆனால் உதவி பல மணி நேரக் கப்பல் ஓட்டத்துக்கு அப்பால். அதனால் டைவிங் காப்பீடு, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே முழுசாக ஒரு நாள். தேசியப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர், பழைய பதிவுகளில் 100 என்றிருப்பதை நம்பி வராதீர்கள்.

கையுறையும் வேண்டும், அந்தப் பாறையெல்லாம் கொட்டலசு (இங்கே எழுதுகிறவர் இல்லை, பாறையில் ஒட்டி வளரும் கூரான ஓட்டுயிர்), கையைக் கிழித்துவிடும்.

வடக்குநீரோட்டம்

மிதவைக்காரர் அண்ணா, கையுறை போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பொந்துகளில் விலாங்குகள் தலையை நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் பவளம். 1982-83 எல் நினோவில் கலபகோஸின் பவளம் கிட்டத்தட்ட எல்லாமே செத்துப்போனது, டார்வின் பக்கம் மிஞ்சியது கொஞ்சம். வெறும் பாறையாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கொட்டலசு

குளிர்தாங்கி, கடிக்கிற சத்தம் என்றீர்களே, அது எந்த மாதத்தில்? அடுத்த முறை மேற்குப் பக்கம் போகும் கப்பலாகப் பார்க்கிறேன்.