4294967297: தப்பான வழியில் வந்த சரியான விடை

மீதி_ஒன்று:
2^32 + 1, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. ஃபெர்மா சோதனையை (n பகா எண் என்றால் a^(n − 1)-ஐ n-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும்; a-தான் அடிமானம்) அடிமானம் 2 வைத்து ஓட்டினால் "பகு எண்" என்கிறது. 641 × 6700417 தானே, விடை சரி. ஆனால் அப்படி வரவே கூடாது! 2^32-க்கு இங்கே மீதி −1, அதன் வர்க்கம் 1, பிறகு கடைசிவரை 1. சோதனை ஏமாந்து "பகா எண்" என்றிருக்க வேண்டும். 2-இல் தொடங்கி வர்க்கமாக்கிக்கொண்டே போகும் ஒவ்வொரு சுற்றின் மீதியையும் அச்சிட்டால் 4, 16, 256, 65536, 4294967296, அடுத்து 0. 64-பிட் அன்சைன்ட் (குறியில்லாத, 2^64 − 1 வரை மட்டும் கொள்ளும்) மாறியில் 2^64 வழிந்து பூஜ்யமாகிவிடுகிறது. 128 பிட்டுக்கு மாற்றியதும் ஒழுங்காகத் தப்பு விடை தருகிறது.

பகாஎண்_பித்தன்:
இதற்குச் சோதனையே தண்டம். இதன் பகாக் காரணி எதுவும் 128k + 1 வடிவில்தான் இருக்கும்: 129, 257, 385, 513, 641. 129, 513 மூன்றால் வகுபடும், 385 ஐந்தால். 257-ஏ ஒரு ஃபெர்மா எண் (2^(2^m) + 1 வடிவம், நம் எண்ணும் அதுதான்), இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது. மிச்சம் 641. ஆய்லர் 1732-இலேயே இதைப் பிடித்துவிட்டார்.

வழிதல்32:
@பகாஎண்_பித்தன் அது ஃபெர்மா எண்ணுக்கு மட்டும் ஓடும் குதிரை. பொதுவாக வகுத்துப் பார்ப்பவர்கள் 4294967291-ஐப் போட்டுப் பாருங்கள், 2^32-க்குக் கீழே கடைசிப் பகா எண். 32-பிட் அன்சைன்ட் மாறிகளில் n-ஐ i = 3, 5, 7 என்று வகுத்தபடி i * i <= n வரை போகும் சுழல் 65535-ல் நிற்காது. 65537-இன் வர்க்கம் வழிந்து 131073 ஆகிறது, நிபந்தனை இன்னும் உண்மை. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1. n-ஐவிடப் பெரிய நான்கு 32-பிட் மதிப்புகளுக்கோ 4, 5, 6, 7. ஆக நிபந்தனை பொய்யாகவே ஆகாது. கடைசியில் i = n ஆகி, n தன்னாலேயே வகுபட்டு, "பகு எண்" என்று சாதிக்கும். i <= n / i என்று எழுதுங்கள், தீர்ந்தது.

கடைஇலக்கம்:
மீதி_ஒன்று சொன்னது சுழலைப் பற்றியே இல்லையே. ஃபெர்மா சோதனையைவிடக் கண்டிப்பான மில்லர்-ராபின் சோதனையும் அடிமானம் 2-ல் இந்த எண்ணிடம் ஏமாறும், அடிமானம் 3 பிடித்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு கூத்து: அடிமானம் 2-க்கு 2^64 துல்லியமாகவே நிற்கும், மீதி 1 வரும். 3-க்குப் போனால் வர்க்கம் 2^53-ஐ (அங்கே எல்லா முழு எண்களும் துல்லியமாக நிற்கும் எல்லை) தாண்டியதும் கடைசி இலக்கங்கள் கழன்றுவிடும். அங்கே பிக்இன்ட் (பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் வகை) போட்டே ஆக வேண்டும்.