வடக்குப் பார்த்த ஹாலுக்கு என்ன ஷேடு?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, ஹால் வடக்குப் பார்த்தது. பெயின்ட் ஷேடு கார்டில் எஸ் 2030-ஒய்20ஆர் பிடித்திருக்கிறது. இந்த எண்ணை எப்படிப் படிப்பது?

பதில் 1: இது என்சிஎஸ் (நேச்சுரல் கலர் சிஸ்டம்) என்ற நிறக்குறியீட்டு முறை. 20 கருமை, 30 நிறச்செறிவு, மீதி 50 வெண்மை. ஒய்20ஆர் என்றால் 20 சதவீதம் சிவப்புப் பக்கம் சாய்ந்த மஞ்சள். நேர்வெயில் படாத ஹாலில் 20 கருமை அழுக்காகத்தான் தெரியும். அதே ஒய்20ஆரில் கருமை 05 உள்ளதாகப் பாருங்கள்.

பதில் 2: எல்ஆர்வியும் கேளுங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற அளவு அது, 0 முதல் 100 வரை. உங்கள் ஹாலுக்கு 60-க்குக் கீழே வேண்டாம்.

பதில் 3: ஒரு கம்பெனியின் நிற எண்ணைக் கொடுத்து இன்னொரு கம்பெனி மெஷினில் பெயின்ட் கலக்காதீர்கள். பேஸும் (அடிப்படை பெயின்ட்) டின்டரும் (அதில் கலக்கும் நிறமி) வேறு, நிறம் மாறும். பிரைமர் அடித்த சுவரில் 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட் அடித்து, ஒருநாள் காயவிட்டு, காலையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். ஏற்காட்டு ஈரத்தில் என்றால் இன்னும் கூடுதலாகக் காய வேண்டும்.