ஓய்கோடு: டைனோசர் எலும்பில் வளர்ச்சி நின்ற இடத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வாத்தலகு டைனோசர்களின் கணைக்கால் எலும்பைச் சீவிப் பார்த்து, அவை எந்த வயதில் இறந்தன என்று கணிப்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வேட்டுக்குத் தமிழில் ஒரு சுருக்கம் எழுத உட்கார்ந்தவன் இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். பத்திக்குப் பத்தி வரும் ஒரு சொல்லுக்கு என்னிடம் தமிழ் இல்லை.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் சொல்லைப் பெயர்த்துக்கொண்டிருப்போம். எலும்புத் தண்டின் நடுவிலிருந்து ஒரு வில்லையை அறுத்து, பிசினில் பதித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்க்கிறோம். கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். நுண்ணோக்கியில் வைத்தால், விலங்கு வேகமாக வளர்ந்த காலம் இரத்தக்குழாய்த் துளைகள் நிறைந்த அகலமான பட்டையாகத் தெரியும். வளர்ச்சி மந்தமான காலம் துளை குறைந்த ஒடுங்கிய பட்டை. வளர்ச்சி அடியோடு நின்ற இடத்தில் ஒரே ஒரு கோடு, பேனா முனையால் இழுத்தது போல. ஆங்கிலத்தில் 'லைன் ஆஃப் அரெஸ்டட் குரோத்' என்பார்கள், பேச்சில் 'லேக்'. மொழிபெயர்ப்புக் கருவியிடம் கேட்டதற்கு 'கைது செய்யப்பட்ட வளர்ச்சியின் கோடு' என்றது. என்ன குற்றம் செய்ததோ பாவம்.

இந்தக் கோடுகளை எண்ணித்தான் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் ரெக்ஸ் 28 வயதில் இறந்தது என்று 2004இல் கணித்தார்கள். அந்த இனம் வளர்ச்சியின் உச்சத்தில் நாளுக்கு 2 கிலோ அளவுக்கு எடை கூடியது என்ற கணக்கும் அதே ஆய்வில் வந்ததுதான்.

என் கையில் இப்போது இருப்பது 'வளர்ச்சி நிறுத்தக் கோடு'. சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நாக்கில் தங்கவில்லை. வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

*

மறுமொழி:

தம்பி, 'நிறுத்தம்' எனக்கு இடிக்கிறது. நிறுத்துதல் பிறவினை, நிற்றல் தன்வினை. பேருந்தை ஓட்டுநர் நிறுத்துகிறார், மழை தானாக நிற்கிறது. எலும்பின் வளர்ச்சியை யாராவது நிறுத்தினார்களா, அதுவாக நின்றதா? நின்றது என்றால் சொல்லும் அப்படியே இருக்கட்டும்.

எதற்குப் புதிதாகத் தேட வேண்டும், மரத்தில் இருக்கிறதே 'ஆண்டு வளையம்', எல்லோருக்கும் தெரிந்த சொல். அது வேண்டாம் என்றால் 'காழ்வரி' என்று வைக்கலாம். உள்ளே வைரம் பாய்ந்ததை அகக்காழ் என்றும், பனை போல வெளியே கெட்டியானதைப் புறக்காழ் என்றும் பிரிக்கிறது தொல்காப்பிய மரபியல். நீங்கள் சொல்லும் எலும்பும் வெளியே கெட்டி, உள்ளே பொள்ளல். புறக்காழ்தான்!

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். நிறுத்தம் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சொல்லை இப்போதே அடித்துவிட்டேன்.

புறக்காழ் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் மரத்தோடு ஒப்பிடும் இடத்தில்தான் எனக்குப் பயம். மரம் தன் குழந்தைப் பருவத்தை நடுவில் பத்திரமாக வைத்திருக்கும். எலும்பு அப்படி இல்லை. வெளியே புது எலும்பு படியப் படிய, உள்ளே மஜ்ஜைக் குழி அகன்று முதல் சில கோடுகளைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, பழைய எலும்பைக் கரைத்து அதே இடத்தில் புது எலும்பைக் கட்டும் வேலையும் உயிருள்ளவரை நடக்கும், அதில் இன்னும் சில அழியும். முதிர்ந்த விலங்கில் 9 கோடு தெரிந்தால் வயது 9 என்று எழுத முடியாது. அழிந்தவை எத்தனை என்று இளம் விலங்குகளின் எலும்பை வைத்துப் பின்னோக்கிக் கணிக்க வேண்டும். என் ஆய்வில் பாதி நாள் இதில்தான் போகிறது.

'ஆண்டு' என்பதையும் பெயருக்குள் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. இன்று வாழும் விலங்குகளில் இவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று என்று தெரியும், அதையே டைனோசருக்கும் பொருத்துகிறோம். ஆனால் சில எலும்புகளில் இரண்டு கோடுகள் ஒட்டினாற்போல வரும். அது ஓர் ஆண்டா, இரண்டா? பெயரிலேயே ஆண்டு இருந்தால் விடையை முன்கூட்டிச் சொன்னதாகிவிடும். அப்புறம், 'வளையம்' என்ற சொல்லை அந்த ஒடுங்கிய மந்தப் பட்டைக்கு விட்டுவைக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

*

மறுமொழி:

நான் விலங்கியல் பக்கம். ஊர்வன போலக் குளிர் இரத்த விலங்குகளுக்குத்தான் இந்தக் கோடு விழும், ஆகவே டைனோசரும் குளிர் இரத்தம் என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். 2012இல் வெப்பமண்டலம் முதல் துருவப் பகுதி வரை வாழும் அசைபோடும் பாலூட்டிகளின் எலும்பைப் பார்த்தபோது அவற்றிலும் கோடுகள் இருந்தன. உணவும் நீரும் குறையும் பருவத்தில் உடல் சிக்கனமாகிறது, வளர்ச்சி ஓய்கிறது, பருவம் திரும்பியதும் மறுபடி தொடங்குகிறது. அதனால் 'குளிர்', 'உறக்கம்' போன்றவை எதுவும் சொல்லில் வர வேண்டாம். 'ஓய்வரி' எப்படி? வினைத்தொகை. ஓய்ந்த வரி, ஓயும் வரி, எல்லாக் காலத்துக்கும் பொருந்தும்.

*

மறுமொழி:

ஓய்வரி என்றால் ஓய்வூதியத்துக்குப் போட்ட புது வரி என்று நினைத்துவிடப் போகிறார்கள். எனக்கு ஏற்கெனவே ஒன்று பிடிக்கிறார்கள். ஓய்கோடு என்று வையுங்கள். ஒரே எச்சரிக்கை: பழந்தமிழில் கோடு என்றால் கொம்பும்தான். மூன்று கொம்பு டிரைசெராடாப்சைப் பற்றி எழுதும்போது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மறுமொழி:

ஓய்கோடு. நேற்றிரவு என் சுருக்கத்தில் பொருத்திப் பார்த்தேன். 'இரட்டை ஓய்கோடு' வருகிறது, 'ஓய்கோட்டு இடைவெளி' வருகிறது. 'ஓய்கோடற்ற எலும்பு' என்பதும் உறுத்தாமல் வருகிறது, அது எனக்கு முக்கியம். அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த, மையாசாரா என்ற வாத்தலகு டைனோசரின் 50 கணைக்கால் எலும்புகளை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு கோடுகூட விழாத எலும்பு, முதல் ஆண்டைத் தாண்டாத குட்டியுடையது. பெரும்பாலான குட்டிகள் அந்த ஓர் ஆண்டிலேயே போய்விட்டன என்பது அதில் தெரிந்தது. நீளமான சொல்லாக இருந்தால் இதை எழுதும்போதே மூச்சு வாங்கும்.

கொம்புப் பிரச்சினைக்கு நான் அஞ்சவில்லை. இன்றைக்கு யாரும் மாட்டுக்கோடு என்று சொல்வதில்லை. வேகமாக வளர்ந்த அகலப் பட்டைக்கு 'வளர்பட்டை', ஒடுங்கிய பட்டைக்கு 'மந்த வளையம்' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு சிறு சேதி. 1990களின் தொடக்கத்தில் மாசோஸ்பாண்டிலஸ் என்ற டைனோசரின் தொடையெலும்பில் இந்தக் கோடுகளை எண்ணி அதன் வளர்ச்சியை வரைந்தவர் தென்னாப்பிரிக்கரான அனுசூயா சின்சாமி. அந்தப் பெயரில் ஒரு சின்னசாமி ஒலிப்பது எனக்கு மட்டும்தானா?

இன்னும் ஒன்று பாக்கி. விலங்கு முழு வளர்ச்சி அடைந்ததும் எலும்பின் வெளிவிளிம்பில் ஓய்கோடுகள் நெருங்கி, அடுக்கு அடுக்காகப் படியும். அது இருந்தால் முழுதாக வளர்ந்த விலங்கு, இல்லாவிட்டால் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. 'ஜேன்' என்று பெயரிட்ட சிறிய டைரனோசார் எலும்பைச் சீவியபோது அந்த நெருக்கம் இல்லை. குறைந்தது 13 வயதான, இன்னும் வளரும் டைரனோசாரஸ் ரெக்ஸ் குட்டி அது என்று 2020இல் எழுதினார்கள். அந்தச் சிறியவை நானோடைரனஸ் என்ற தனி இனமே என்று வாதிடுவோரும் எலும்புச் சீவலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இவ்வளவு சண்டை நடக்கும் இடத்துக்கு ஆங்கிலப் பெயரோ 'வெளி அடிப்படை அமைப்பு' என்கிற மாதிரி, ஒன்றும் விளங்காத ஒன்று. அதைப் பெயர்க்கவே வேண்டாம் என்று நினைக்கிறேன். 'விளிம்புச் செறிவு' என்று எழுதியிருக்கிறேன். ஐயா, புறக்காழை இங்கே கொண்டுவர வழி இருக்கிறதா?