அழைப்பிதழில் பொறியாளர் பெயர் எங்கே?

மின்பொறி:
பெசன்ட் நகரில் ஒத்திகை. பரதம் ஆடும் தோழியின் தோளில் மோட்டார் கை ஒன்று, தசையின் மின்துடிப்பால் அசையும். நானும் நண்பனும் ஆறு மாதம் உழைத்துச் செய்தது. அழைப்பிதழில் அவர் பெயர் மட்டும் பெரிதாக. நாங்கள் கடைசி வரியில், ஒலி ஒளிக்காரர்களோடு 'தொழில்நுட்ப உதவி'. இது நியாயமா?

சலங்கை:
நியாயம்தான். வலி தாங்குவது அவர் உடம்பு. ஆஸ்திரேலிய நிகழ்த்துகலைஞர் ஸ்டெலார்க் தன் உடம்பில் பூட்டிய இயந்திரக் கை, 'மூன்றாவது கை', 1980இல் முடிந்தது. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழக முன்மாதிரியை ஒட்டியது அது. ஆனாலும் அவர் படைப்பு என்றுதானே சொல்கிறோம்?

மின்பொறி:
அப்படிச் சொல்லிப் பழகியதுதான் தப்பு. நடந்ததைக் கேளுங்கள். முதலில் தசைத் துடிப்பை உணரும் மின்முனையைத் தொடையில் ஒட்டினோம். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் தொடைத்தசை விடாமல் இறுகியே இருக்கும். அதனால் மூடிய கை திறக்கவே இல்லை. வயிற்றுக்கு மாற்றினோம், ஸ்டெலார்க்கும் வயிறு, கால் தசைகளைத்தான் பயன்படுத்தினார். அப்புறம் மே மாத வியர்வை, மின்முனை வழுக்கியது. எல்லாம் சரியானபின்பும் கை ஒரு நொடி பின்தங்கியே வந்தது. அவர் அந்த அடவை இரண்டாம் காலத்திலிருந்து மெதுவான முதல் காலத்துக்கு இறக்கினார். இன்று பார்ப்பவர்கள் உருகும் இடம் அதுதான். அது யாருடையது?

கடற்கரைக்காற்று:
நட்டுவனாரும் மேடையில் ஆடுவதில்லை. அவர் பெயர் போடுகிறோமே?

சலங்கை:
நட்டுவனாருக்கு அடவு தெரியும் ஐயா. தாளம் தப்பினால் அவர் காது கண்டுபிடிக்கும்.

மின்பொறி:
ஆறு மாதம் பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. 1966இல் நியூயார்க்கில் பத்துக் கலைஞர்களும் முப்பது பேர் அளவில் பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் கலைநிகழ்ச்சி நடத்தினார்கள். அதையொட்டி உருவான 'கலையிலும் தொழில்நுட்பத்திலும் சோதனைகள்' அமைப்பைத் தொடங்கியவர்கள் இரண்டு பொறியாளர்கள், இரண்டு கலைஞர்கள். சரிபாதி!

சலங்கை:
சரி, பெயரை மேலே போடட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'நடன அமைப்பு' என்ற வரி அவருக்கு மட்டும்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1994இல் ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் மார்செல்லி அந்தூனெஸ் தன் உடம்பையே இயந்திரத்தில் பூட்டி, அதை ஆட்டிவைக்கப் பார்வையாளர்களிடம் கொடுத்தார். அங்கே துணிந்தது யார்? உங்கள் மோட்டார் பிசகினால் தோள் இறங்குவது யாருக்கு?

மின்பொறி:
அவருக்குத்தான். அதனால்தான் நிறுத்தும் பொத்தான் இரண்டு வைத்தோம். ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று திரைக்குப் பின்னால் என் கையில். ஆட்டம் முடியும்வரை அவர் தோளை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை.